அடியில் கடைப் பெயர்

திருத்தங்கலில் காலண்டர் அச்சகம் நடத்தும் வீரலட்சுமி, தன் புது வெப்சைட்டுக்கான வாசகத்தை ஒரு தாளில் நீட்டினார். மதுரையில் வெப்சைட் கம்பெனி வைத்திருக்கும் புகழேந்தி சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“ஆடிப்பெருக்குக்குப் புது காலண்டர் மாதிரியெல்லாம் சேத்து ஆல்பம் போடுதோம். அதுக்குள்ள வெப்சைட் வேணும். தாட்சண்யம் பாக்காம சொல்லுங்க. சரியாச் சொன்னா ஆர்டர் உங்களுக்குத்தான்.”

“‘உலகத் தரம், உன்னத சேவை.’ இதை யார் வேணாலும் போட்டுக்கலாம் மேடம்.” அடித்தார். “‘வாடிக்கையாளரின் புன்னகையே எங்கள் மூலதனம்.’ கொட்டாவிதான் வருது.” அதையும் அடித்தார். “முழுசாப் படிச்சாலும் நீங்க காலண்டர் போடுறீங்களா, கடலை மிட்டாய் விக்கிறீங்களான்னே தெரியலை.”

“அம்புட்டு மோசமாவா இருக்கு?”

“இதை எழுதின ஆளை இனி கிட்டவே சேர்க்காதீங்க.”

வீரலட்சுமி சிரித்தார். “எங்க தொழில்ல ஒரே முருகன் படத்தை நூறு கடைக்கு அச்சடிப்போம். அடியில கடைப் பேரை மட்டும் மாத்துவோம். இதுவும் அப்பிடித்தான். உங்க கம்பெனி வெப்சைட்ல இருந்ததை அப்பிடியே எடுத்து, எங்க அச்சகத்துப் பேரைப் போட்டேன்.”

புகழேந்தி தாளை மறுபடி பார்த்தார். அத்தனையும் அவரே எழுதிய வரிகள்.

“ஒளிக்காமச் சொன்னீக, ஆர்டர் உங்களுக்குத்தான்” என்றார் வீரலட்சுமி. “ஆனா எழுதுறதுக்கு மட்டும் வேற ஆளைப் போடுங்க. அந்த ஆளைக் கிட்ட சேக்காதீகன்னு நீங்கதான சொன்னீக.”