அஞ்சாம் லயத்துச் செவலை

"ஏ நீலாவதி, வெளிய வா! மறுபடியும் உன் வாசல்லதான் வந்து நிக்குது!"

தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசியின் சத்தம் கேட்டு நீலாவதி ஓடிவந்தாள். வாசலில் செவலைக் குதிரை. அதன் மேல் ஜப்பான் தொரை, முகம் கடுகடுவென்று. அவள் அவசரமாக இடுப்பை வளைத்துக் குனிந்தாள். குனியாவிட்டால் கன்னத்தில் அறை விழும். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அதுதானே முதல் பாடம்!

வெள்ளைக்காரத் தொரை உயிர் தப்பினால் போதும் என்று ஓடியபோது விட்டுப் போன குதிரை அது. அதில் ஏறித் தோட்டத்தைச் சுற்றிவர வேண்டுமென்று ஜப்பான் தொரைக்கு ஆசை. ஆனால் யார் ஏறினாலும், எந்தப் பக்கம் திருப்பினாலும், அது நேரே தொழிலாளர் வீட்டு வரிசையான அஞ்சாம் லயத்துக்கு வந்து நீலாவதியின் வாசலில் நின்றுவிடும். அப்புறம் சவுக்கால் விளாசினாலும் ஓர் அடி நகராது. இன்றைக்கு லயமே கூடி வேடிக்கை பார்த்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தும் தொலைத்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். தொரை குதித்து இறங்கித் துப்பாக்கியை உருவினார், ஏதோ கத்தினார். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, அரைகுறை ஜப்பான் பாஷை படித்திருந்த அமிர்தலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏற ஏலாத குதிரை தோட்டத்துக்கு வேண்டாமாம். இப்பவே சுடப் போறாராம்."

"ஐயோ, வேணாங்கய்யா!" நீலாவதி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் வீரய்யாதான் அதற்குக் குதிரைக்காரனாக இருந்தவன். சயாமுக்கு ரயில் பாதை போட அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தகவல் இல்லை. பிள்ளை குட்டியும் கிடையாது. பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள், பாவம். இந்தக் குதிரையும் போய்விட்டால் அவளுக்கென்று உலகத்தில் எதுவுமில்லை.

"வண்டியில கட்டிப் பாப்போமே லா?" என்றார் சன்னாசி.

"வண்டியையும் இழுத்துக்கொண்டு இஞ்சதானே வந்து நிக்கும்!" என்று எரிந்து விழுந்த கிராணி, அவள் பக்கம் திரும்பினார். "பிள்ளை, தொரை கேக்கிறார். இது ஏன் உம்மட வாசலுக்கே வருது?"

நீலாவதி குதிரையின் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சன்னாசிதான் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட, இது கூடவா தெரியல! வீரய்யா விடியக்காலைல இதை நடத்திக் கூட்டிட்டுப் போவான்ல? போற வழியில இங்க நிறுத்திப் பொண்டாட்டி கையால காப்பி வாங்கிக் குடிச்சிருப்பான். அந்தப் பழக்கம், கிராணி ஐயா! அவனத் தேடித்தான் வருது. ஏம்மா, அதுனாலதான் நீ அப்பல்லாம் காலைல பேர் கூப்புடுற பெரட்டுக்கு லேட்டா வந்து நின்னியா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமாண்ணே" என்றாள் தலையைக் குனிந்தபடி.

பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். "வாயில்லா ஜீவன், அதுக்கு இருக்கிற பாசத்தப் பாருடி!"

கிராணி பாதி ஜப்பான் பாஷையிலும் பாதி மலாயிலுமாக எடுத்துச் சொன்னார். தொரை குதிரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துப்பாக்கியை உறையில் செருகிவிட்டு அதன் நெற்றியைத் தடவியபடி தணிந்த குரலில் ஏதோ பேசினார்.

"ஊரில இவற்ற வீட்டிலயும் ஒரு குதிரை நிண்டதாம். சண்டைக்கெண்டு பிடிச்சுக்கொண்டு போயிட்டினமாம்." கிராணியின் குரலும் இளகிவிட்டது. "இது இஞ்சயே நிக்கட்டுமாம். வீரய்யா திரும்பி வருமட்டும் ஒருத்தரும் இதில ஏறக்கூடாதாம்."

தொரை பங்களாவுக்கு நடந்தே போனார். நீலாவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அழாத தாயி" என்றார் சன்னாசி, கயிற்றை அவள் கையில் கொடுத்து. "குதிரையே இப்படிக் காத்துக் கெடக்குது, அவன் வராமலா போயிருவான்?"

அவள் தலையை ஆட்டினாள். கூட்டம் கலைந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே போனவள், மத்தியானம் தான் தின்னாமல் வைத்திருந்த அவித்த மரவள்ளிக் கிழங்கை எடுத்துவந்து குதிரையிடம் நீட்டினாள்.

வீரய்யா வெள்ளைக்காரத் தொரைக்குப் பயந்து ஒருநாள்கூட அந்தக் குதிரையை லயத்துப் பக்கம் கொண்டுவந்ததில்லை. அவன் போன பிறகு, தன் வாசலுக்கும் யாராவது வரட்டுமே என்று, அரை வயிறு பட்டினி கிடந்து, மேய்கிற இடத்திலிருந்து கிழங்கைக் காட்டிக் காட்டி அதை அங்கே வரப் பழக்கியவள் நீலாவதிதான்.