ஆர்வில் வீட்டு பிரஸ் விற்பனைக்கு

“இன்னும் இருக்குங்களா? யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?”

வாசலில் நின்றபடியே கேட்டான் வந்தவன். பெயர் லைல் என்றான். ஐம்பதை நெருங்கும் வயசு, தொப்பி முழுக்கப் பனித்தூள். பின்னால் அவனுடைய பழைய பிக்கப் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

“இருக்கு, இருக்கு. உள்ள வாங்க தம்பி. முதல்ல ஒரு வாய் காபி குடிங்க” என்றார் ஆர்வில்.

விற்பனைக்கு இருந்தது தோட்டா நிரப்பும் பிரஸ். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை ஒரு பக்கம் போட்டுக் கைப்பிடியை இழுத்தால், இழுப்புக்கு ஒன்றாக மறுபக்கம் புதுத் தோட்டா வந்து விழும். மொன்டானாவின் அந்தப் பக்கத்தில் துப்பாக்கி இல்லாத வீடு அபூர்வம். பழைய பிரஸ் விலைக்கு வருகிறது என்றால் ஆள் பறந்துகொண்டு வருவார்கள்.

ஆர்விலுக்கும் அதுதான் வேண்டும், ஆள் வர வேண்டும். மனைவி இன்கிரிட் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த மண்சாலையில் தபால் வண்டியைத் தவிர வேறு எதுவும் திரும்புவதில்லை. மகன் அரிசோனாவில். கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் பண்ணுவான். தீவனக்கடைப் பலகையில் ‘பிரஸ் விற்பனைக்கு’ என்று ஒரு சீட்டைக் குத்தி வைத்ததிலிருந்துதான் அவ்வப்போது ஒரு மனுஷ முகத்தைப் பார்க்கிறார். வருகிறவனுக்கு மெஷினைக் காட்டுவார், சாப்பாடு போடுவார், ஆசை தீரப் பேசுவார். பொழுது சாய்கிற நேரத்தில் ஏதாவது ஒரு குறையை மெதுவாக அவிழ்த்து விடுவார். வந்தவன் “யோசிச்சுச் சொல்றேன்” என்று நழுவிவிடுவான். பிரஸ் போய்விட்டால் இந்தப் பேச்சுத் துணையும் போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

ஆனால் இந்த லைல் வேறு மாதிரி ஆளாக இருந்தான். விலையைக் கேட்டான், தலையாட்டினான், அவ்வளவுதான். ஒரு டாலர்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. பேரம் பேசாதவன் மெஷினைத் தூக்காமல் போக மாட்டான் என்று ஆர்வில் கணக்குப் போட்டார்.

சில்லி என்கிற காரமான கறி-பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் காலியானதும் கராஜுக்குப் போனார்கள். ஆர்வில் இந்த முறை பொழுது சாயக் காத்திருக்கவில்லை.

“ஒண்ணு சொல்லிடறேன் தம்பி. இந்தச் சுழல் தட்டு இருக்கே, நடுநடுவுல மக்கர் பண்ணும்.”

“அழுக்கு சேர்ந்திருக்கும் பெரியவரே. துடைச்சு கிரீஸ் போட்டா சரியாப் போகுது. எப்படிப் பிரிக்கிறதுன்னு காட்டுங்களேன்.”

பிரித்தார்கள். அழுக்கு ஒரு பொட்டுகூட இல்லை. இருந்தாலும் லைல் ஒவ்வொரு துண்டையும் வாங்கி, மறுபடி ஒருமுறை துடைத்தான். துடைக்கத் துடைக்க மாட்டு விலை, பனி, மூடிப்போன சினிமாக் கொட்டகை என்று பேச்சு ஓடியது. இப்படி ஒருத்தன் இத்தனை நாளாக எங்கே இருந்தான் என்று ஆர்விலுக்கு ஏக்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டு போகத்தானே வந்திருக்கிறான் என்று அடுத்த நொடியே மனசு சுருங்கியது.

“கூட்டுக்கு அடியில பத்தவைக்கிற ப்ரைமர்கூட சமயத்துல தலைகீழா உட்காரும்.”

“உட்காரட்டும். ஸ்பிரிங்கை மாத்திக்கலாம். வயசானா நாலு சேட்டை இருக்கத்தானே செய்யும், நமக்கெல்லாம் இல்லையா?”

வேறு வழியில்லாமல் ஆர்வில் பெரிய பொய்யைக் கையில் எடுத்தார். “வெடிமருந்து அளக்குற குடுவையை நம்ப முடியாது தம்பி. எப்பவாவது ரெண்டு மடங்கு கொட்டிடும். துப்பாக்கி கையிலேயே வெடிச்சாலும் வெடிக்கும்.”

சொல்லும்போதே நாக்கு கூசியது. தோட்டா நிரப்புகிறவன் தன் மெஷினைப் பற்றி அப்படிச் சொல்வது, சமையற்காரன் தன் சோற்றில் விஷம் இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குண்டை வைக்கிறவர் அவர். இதைக் கேட்ட எவனும் அதற்கு மேல் அந்தக் கராஜில் நின்றதில்லை.

லைல் நின்றான். “குடுவையையும் கழட்டிப் பார்த்துடுவோமே. என்ன அவசரம்?”

கழற்றி, மாட்டி, இழுத்தும் பார்த்தாயிற்று. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியது. லைல் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, கோட்டுப் பைக்குள் கையை விட்டான். பணத்தை எடுக்கப் போகிறான் என்று ஆர்விலுக்குப் பகீரென்றது. நாளை முதல் அந்த மேசையில் பிரஸ் இருந்த இடத்தில் ஸ்க்ரூ ஓட்டைகள்தான் இருக்கும்.

“தம்பி, என்னை மன்னிச்சுடுங்க. குறையெல்லாம் பொய். மெஷின் தங்கம். ஆனா நான் இதை யாருக்கும் விக்கப் போறதில்ல. யாராவது வரட்டுமேன்னுதான் சீட்டு போட்டேன். தனியா இருக்க முடியல.”

தலையைக் குனிந்துகொண்டு, திட்டு விழும் என்று காத்திருந்தார்.

லைலின் கை வெளியே வந்தது. அதில் பணம் இல்லை, கைக்குட்டை இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

“அப்பாடா! ‘சரி, எடுத்துட்டுப் போ’ன்னு எங்க சொல்லிடுவீங்களோன்னு வந்ததுலேர்ந்து பயந்துட்டே இருந்தேன். என்கிட்ட துப்பாக்கியே கிடையாதுங்க. மைல்ஸ் சிட்டில ஒரு பெரியவரோட பிரஸ்ஸை வாராவாரம் போய்ப் பார்த்துட்டிருந்தேன். போன மாசம் அந்த மனுஷன் நிஜமாவே வித்துட்டார்.”

தொப்பியைக் கையில் சுருட்டியபடி தயங்கித் தயங்கிக் கேட்டான்:

“அடுத்த சனிக்கிழமையும் இது விலைக்குத்தானே இருக்கும்?”