பூமாலை வந்துட்டான்

இடஒதுக்கீட்டு மறியலில் கைதான பூமாலை, எட்டு மாதம் வேலூர் ஜெயிலில் கிடந்துவிட்டு ஊர் திரும்பினான். தெருமுனையில் அவனைப் பார்த்த மளிகைக்கடைக்காரர் வாய்விட்டுச் சொன்னார்: "அட, பூமாலை வந்துட்டான்."

அவ்வளவுதான். கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. அவனோடு ரோட்டில் மரம் வெட்டிப் போட்ட கூட்டாளிகள் கரும்புக் கொல்லைக்குள் ஓடி மறைந்தார்கள்.

காட்டிக் கொடுத்துவிட்டான் என்று நினைக்கிறார்களா? போலீஸ் அடியில் பல் உடைந்தபோதும் அவன் ஒருத்தர் பேரையும் சொல்லவில்லையே.

வீட்டில் மனைவி தங்கமணி அழுதாள்.

"உன்னப் பாத்து ஓடலய்யா. உன்ன போலீசு ஜீப்புல ஏத்திக்கினு போனதுலேர்ந்து, எந்த ஜீப்பு வந்தாலும் உங்கம்மா 'பூமாலை வந்துட்டான்'னு கத்திக்கினு ஓடுது. அதக் கேட்டுத்தான் ஆம்பளைங்க தப்பிச்சிக்கினு கீறாங்க. இப்ப இந்த ஊர்ல போலீசுக்குப் பேரே பூமாலைதான்."

"அம்மா எங்க?"

பதில் தெருவிலிருந்து வந்தது. "பூமாலை வந்துட்டான்... எம் புள்ள வந்துட்டான்."

அம்மாவின் குரலுக்குப் பின்னாலேயே ஜீப் சத்தமும் கேட்டது. புதுக் கேஸ் என்றால் பழைய ஆளைத்தான் முதலில் தூக்குவார்கள்.

அம்மா ஜீப்பை நோக்கி ஓடினாள். பூமாலை கரும்புக் கொல்லையை நோக்கி ஓடினான்.