இரவல் கதிரைகள்

காலையிலிருந்து சபியா உம்மாவின் வீட்டுக்குள் கதிரைக்கு மேல் கதிரையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் பக்கத்து வீட்டு ஜெமீலாவின் கதிரைகள். பின்னால் சுவர் மணிக்கூடு வந்தது, சவூதி றேடியோ வந்தது. கடைசியில் ஜெமீலாவின் அட்டியலும் கழன்று சபியா உம்மாவின் கழுத்தில் ஏறிக்கொண்டது.

"இதெல்லாம் என்னத்துக்கு புள்ள?"

"உங்கட மக நஸீறாவுக்கு மாப்புள வீட்டு ஆள் ஒருத்தர் வாறாராம், ராத்தா. வீட்டப் பார்த்துத்தானே பொண்ண எடுக்கிற. ஒரு குறையும் தெரியக் கூடா."

இப்படியோர் அயல், கல்முனையிலிருந்து பொத்துவில் வரை சல்லடை போட்டாலும் கிடைக்காது. ஜெமீலாவின் வீடு றோட்டோரம். இரண்டு வீட்டுக் கடிதங்களையும் தபால்காரர் அங்கேதான் போடுவார்.

சபியா உம்மாவின் மகன் காலிதீனும் ஜெமீலாவின் மகன் றஸாக்கும் ஒன்றாகத்தான் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்று ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் புலமைப்பரிசில், ஊருக்கு ஒருவருக்குத்தானாம். அது கிடைக்காவிட்டால் காலிதீனுக்கு வாப்பாவின் மாட்டு வண்டில்தான் பல்கலைக்கழகம். ஆனாலும் சபியா உம்மா ஐந்து வேளையும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே துஆக் கேட்டாள்.

அந்தக் காலிதீனையும் ஜெமீலா, வட்டிலப்பம் வாங்கிவர நிந்தவூருக்கு அனுப்பியிருந்தாள்.

பத்து மணிக்கு பைலும் கையுமாக ஒருவர் வந்தார்.

"குடும்ப நிலவரத்தப் பார்த்துட்டுப் போக வந்தன், உம்மா."

மாப்பிள்ளை வீட்டார் முதல் வரவில் கலியாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள், பெண் வீட்டாரும் கேட்கக் கூடாது. சபியா உம்மாவுக்கு இது தெரியாதா? கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று புளுகை அவிழ்த்துவிட்டாள்.

"வயலா? சம்மாந்துறையில கண்ணுக்கெட்டின தூரம் எங்கட வயல்தான், சேர்."

ஒற்றை மாட்டு வண்டில் ஒன்பது லொறியாகப் பெருகியது. இல்லாத தென்னந்தோட்டம் பாலமுனையில் தொடங்கிக் கடலுக்குள்ளும் கொஞ்சத் தூரம் போனது.

வந்தவர் கதிரைகளை எண்ணி எழுதிக்கொண்டார்.

"பிள்ளையளுக்குச் செலவழிக்க வசதி இரிக்கா?"

"இன்னும் நாலு பிள்ளையளுக்கும் செலவழிப்பம்."

அவர் பைலை மூடினார்.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப உங்கட மகனுக்கு இந்தப் புலமைப்பரிசில் தேவைப்படாது. கஷ்டப்பட்ட பிள்ளைக்குப் போகட்டும். நான் வாறன் எண்டு போன கிழமையே கடிதம் போட்டனே, கிடைச்சதுதானே?"

சபியா உம்மா கதவுச் சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாய் திறப்பதற்குள் அவர் படலையைத் தாண்டி அடுத்த வளவுக்குள் நுழைந்துவிட்டார்.

அவள் வேலிக்கு ஓடி, கிடுகை விலக்கிப் பார்த்தாள். துடைத்துவிட்டாற்போலக் கிடந்த வீட்டு வாசலில், கிழிந்த சீலையும் வெறுங்கழுத்துமாய் ஜெமீலா நின்றாள்.

"இரிங்க எண்டு சொல்ல ஒரு கதிரகூட இல்ல, சேர்."