உளுந்தங்களி

நெடுந்தூர ஓட்டக்காரி இசக்கியம்மாளுக்கு மாதவிலக்கு நின்று ஓராண்டாகியிருந்தது. விளையாட்டு விடுதியில் எல்லோரும் அதைப் பயிற்சி பலித்த அடையாளமென்றே நம்பினார்கள். அவளுக்கும் பெருமைதான், கால் எலும்பில் விரிசல் விழும்வரை. "ஓடுற ஓட்டத்துக்குத் தக்க சாப்பாடு இல்ல. உன்னக் காப்பாத்தத்தாம்மா மூளையே ஹார்மோன நிறுத்தி வச்சிருக்கு" என்றார் டாக்டர். அவள் நம்பவில்லை. ஓடாமல் கிடந்த மாதங்களெல்லாம் உடம்பைத் துரோகி என்று வைதுகொண்டேதான் சாப்பிட்டாள். இன்று காலை குளியலறையிலிருந்து வந்து, "வந்துட்டுடி" என்றாள். அறைத்தோழி தாட்சாயணி உடனே உளுந்தங்களி கிண்டினாள். "பெரியமனுஷி ஆனா இதத்தான தருவாவ. தின்னு." நல்லெண்ணெய் ததும்பிய கிண்ணத்தை வாங்குமுன் இசக்கியம்மாள் குனிந்தாள். யாரையோ தெரியாமல் மிதித்துவிட்டவள்போலத் தன் காலையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.