எதிர்முனை

"இன்னும் பேசிட்டே இருக்காரும்மா மனுஷன்!" டாக்டர் ரிசீவரை வைத்த வேகத்தில் மேசை மேலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. காலையிலிருந்து அந்தப் பெயிண்டரின் நம்பர் பிஸி, பிஸி, பிஸிதான்.

"பேசட்டும் டாக்டர். பேசுறார்னா உயிரோட இருக்கார்னுதானே அர்த்தம்?" என்றாள் கதவோரம் நின்ற ரிசப்ஷன் பெண். கிளினிக்குக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத அந்த டாக்டர், அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

லேபிலிருந்து வந்த செய்தி அப்படி. பெயிண்டர் நேற்று லேபில் கொடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இப்படி ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் இதயம் நின்றுவிடலாம். உடனே பிரஷர் மாத்திரையை நிறுத்தி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும்.

மாத்திரையை எழுதியவர் இவரேதான். புதிதாக வந்த ஆராய்ச்சியெல்லாம் படித்துவிட்டு, பிரஷருக்கு அதுதான் நல்லது என்று போன வாரம் கொடுத்தார். "சுவத்துக்கு வெள்ளையடிக்கிறவன் சார் நான். உங்க வெள்ளைக் கோட்டைப் பார்த்தாத்தான் எனக்குப் பிரஷரே ஏறுது" என்று அந்த ஆள் சிரித்தார். வரிசை வாசல்வரை நின்றது. வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க டாக்டருக்கு நேரமில்லை.

மறுபடி டயல் செய்தார். பிஸி.

"நீங்க வச்சாத்தான் டாக்டர் வெளியிலேர்ந்து யாராவது எனக்குப் பேச முடியும். ரெண்டு மேசைக்கும் ஒரே லைன்தானே? மணி மட்டும்தான் என் மேசையில அடிக்கும்."

"இருமல், சளியெல்லாம் காத்திருக்கும்மா. இந்த நம்பராவது சரிதானா?"

"நம்பர் இல்லாம இங்க ஒருத்தரையும் பதிய முடியாது டாக்டர். அவர் வந்த அன்னிக்கு நான் லீவு, ஆனாலும் அதான் கதை. அந்தக் கட்டத்துல ஏதாவது நம்பர் போட்டாத்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே நகரும்."

விலாசத்தைத் தேடிப் போயிருந்த நர்ஸ் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "வீட்டைப் போன வாரமே காலி பண்ணிட்டாராம் டாக்டர். எங்க பெயிண்ட் அடிக்கிறார்னும் யாருக்கும் தெரியலை. பக்கத்து வீட்டம்மா ஒண்ணு சொன்னாங்க. தோள்வலிக்குத் தினமும் கடையில வலி மாத்திரை வாங்கிப் போடுவாராம்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். இரண்டு மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது.

"கேட்டிருக்கணும் சிஸ்டர். ஒரே ஒரு கேள்வி. கேக்காம விட்டுட்டேனே!"

திரும்பவும் டயல் செய்தார். அதே சத்தம். "வைங்கய்யா போனை. உங்க காலைப் பிடிக்கிறேன், வைங்க" என்று ரிசீவரிடமே கெஞ்சினார். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்க செல்லுல போட்டுப் பாருங்களேன் டாக்டர்" என்றாள் ரிசப்ஷன் பெண்.

சொந்த நம்பர் ஒரு நோயாளிக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி என்று சத்தியம் பண்ணி வைத்திருந்தவர் அவர். இப்போது சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. ரிசீவரை வைத்துவிட்டுச் செல்போனை எடுத்தார். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

"ரிங் போகுது! சிஸ்டர், ரிங் போகுது!"

டாக்டரின் கண் கலங்கிவிட்டது. முன்னறையிலும் போன் அடிக்க, ரிசப்ஷன் பெண் ஓடினாள். யாருக்காவது காய்ச்சலாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். இவர் செல்லைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

எடுத்துவிட்டார்கள். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் எதிர்முனையில் குரல் கேட்டது.

"வணக்கம், கிளினிக்குங்க. டாக்டர் ஒரு முக்கியமான போன்ல இருக்கார், அப்புறமா கூப்பிடுங்க."