கூரையும் டாலரும்

"ஜாய்ஸ், இன்னைக்கும் என் ஸ்க்ரீன் பூரா சிவப்பு."

சதாசிவத்தின் குரல் உயர்ந்ததும் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆபீசிலேயே மூத்தவர் அவர்தான்.

கோவளத்தில் வலைக்கடைக்கு மேல்மாடியில் சின்ன ஆபீஸ். கடல் நீரின் டெம்பரேச்சரைப் படகுக்காரர்களுக்குச் சொல்லும் ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். எழுதும் புரோகிராமை லின்டர் என்ற கருவி சலித்து, தப்பிருந்தால் சிவப்பாகக் காட்டும். லின்டர் ஜாய்ஸின் பொறுப்பு.

புரோகிராமில் எதற்கும் 'டெம்ப்' என்று மொட்டையாகப் பெயர் வைக்கக்கூடாது என்பது மேனேஜர் ஜானகிராமனின் புது உத்தரவு. வெள்ளிக்கிழமை யார் பெயரில் சிவப்பு அதிகமோ, அவருக்கு அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் கிடையாது. சதாசிவத்தின் மகள் காலேஜ் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

"டெம்பைப் புடிக்கச் சொன்னா டெம்பரேச்சரையும் சேர்த்துப் புடிக்குது. நம்ம ஆப்ல டெம்பரேச்சர் இல்லாத வரி எதும்மா?"

"மணியைத் தேடி வந்த போலீஸ், சுப்பிரமணி, மணிமேகலை எல்லாரையும் ஜீப்ல ஏத்திக்கினு போற மாதிரி கீது சார்" என்றான் ஹேமந்த்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜாய்ஸ் சிரிக்கவில்லை.

"முன்னால கூரை மாதிரி ஒரு குறியீடு, பின்னால ஒரு டாலர். ரெண்டையும் போட்டா, டெம்ப் தனியா நின்னா மட்டும்தான் புடிக்கும். வார்த்தையைத் தேடற ரீஜெக்ஸ்ல இது முதல் நாள் பாடம்" என்றார் சதாசிவம்.

"தெரியும் சார். வெள்ளிக்கிழமைக்குள்ள நானே போட்டுடறேன்."

"தெரிஞ்சுமா சும்மா கீறே? மேனேஜர் வந்து பார்த்தா யார் தலையில கை வைப்பாரு? வயசானவன் தலையிலதான்."

"எல்லாருக்கும் சிவப்புன்னா அவரு கண்டுக்க மாட்டாரு சார்."

"சோம்பேறித்தனத்துக்கு நல்ல சமாதானம்."

அதற்கு மேல் அவருக்குப் பொறுமையில்லை. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். ஜாய்ஸை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், வேணாம்."

கூரையைப் போட்டார். டாலரைப் போட்டார். தட்டினார்.

சுவரில் இருந்த பெரிய திரையில் ஒவ்வொரு பெயராகச் சிவப்பு விலகியது. ஹேமந்த், பச்சை. லதா, பச்சை. சாம், பச்சை.

"பார்த்தியா? ரெண்டே ரெண்டு எழுத்து" என்று திரும்பினார்.

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திரையில் ஒரு பெயர் மட்டும் சிவப்பாகவே நின்றது. சதாசிவம். அதன் கீழே வரிசையாக அவர் எழுதிய வரிகள். டெம்ப். டெம்ப். டெம்ப். முப்பது வருஷத்துக் கைப்பழக்கம். விரல் பாட்டுக்கு அடித்திருந்தது.

ஜாய்ஸ் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"உங்க டெம்ப்ல பாதிக்குத்தான் பேரை மாத்தியிருக்கேன் சார். மிச்சத்தையும் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன். மேனேஜர் வர்றதுக்குள்ள அந்த ரெண்டையும் எடுத்துடட்டுமா?"